இருபத்துநாலு

1991-இல் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரை ஒன்று தப்பு. எழுதும்போதே அது தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தப்புதான் என்று பல வருஷம் கழித்து உறுதியானது. உறுதியான பிறகும் நான் வாய் திறக்கவில்லை. இடையில் ஒரு பெரியவரின் பெயர் கெட்டது. கெடுத்தது நான். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறார். அப்பாவை இன்னொரு முறை நாலு பேர் நடுவில் நிறுத்த எனக்கு உரிமை கிடையாது.

அப்போது நான் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே பாட்டின் இரண்டு மூன்று ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, மாற்றி மாற்றிக் கேட்டு, எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்வது. எல்லாம் அமெரிக்கப் பெரிய பேண்டுகள். பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று அணி அணியாக ஊதுகிற ஜாஸ். 1930-களின் நடுவிலிருந்து 1950-களின் கடைசி வரை என் எல்லை.

ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடியதை வைத்துக்கொண்டு விடிய விடியச் சண்டை போடுகிறவர்களுக்கு இந்த வேலையை விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய பேண்டில் அரேஞ்ச்மென்ட் காகிதத்தில் இருக்கும். யார் எப்போது எதை ஊத வேண்டும் என்று அரேஞ்சர் எழுதிக் கொடுத்துவிடுவார். காகிதம் மாறாது. ஆள் மாறினால், கூடம் மாறினால், வேகம் ஒரு இம்மி மாறினால் பாட்டே வேறாகிவிடும். ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் தன் பேண்டோடு ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ பாட்டை வாசித்துப் பதிவு செய்தார். அவருடைய அரேஞ்ச்மென்ட்டை 1935-இல் பென்னி குட்மன் பேண்டு வாசித்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. நீல் ஹெஃப்டி ‘லில் டார்லின்’ பாட்டை இன்னும் வேகமாகப் போகத்தான் எழுதினார். கவுண்ட் பேஸி அதைப் பிடித்து நிறுத்தி, ஏறக்குறைய தூங்கப்போகிறவர் நடை மாதிரி ஆக்கினார். 1957-இல் பதிவான அந்த நிதானத்தைத்தான் உலகம் இன்றைக்கும் கேட்கிறது. இந்த மாதிரி விஷயங்களை எழுதுவேன். முந்நூறு பிரதி போகும் பத்திரிகை. அதில் முப்பது பேர் என் பத்தியைப் படித்திருந்தால் அதிகம். ஆனால் அந்த முப்பது பேரில் இரண்டு பேர் ‘உங்கள் காது அபாரம்’ என்று கடிதம் போட்டார்கள். அந்த இரண்டு கடிதத்தையும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இது எவ்வளவு சின்னத்தனம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரசைவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். எட்டுப் பேர், சில சமயம் பத்துப் பேர். டர்ன்டேபிள் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், டீ. அங்கேதான் அவர் வருவார். பெரம்பூர்க்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1950-களில் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ் ராத்திரிகளில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். எங்கள் எல்லோரிலும் அந்தக் காகிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஊதியவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் கேட்டவர்கள், அவ்வளவுதான். டர்ன்டேபிளில் பெல்ட் போனால் அவர்தான் மாற்றுவார். ஊசியை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ‘இது இன்னும் ஆறு மாசம் ஓடும், புதுசு வாங்காதீங்க’ என்பார். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். படி இறங்கும்போதுதான் ஏதாவது சொல்வார்.

ஒருநாள் அப்படி இறங்கும்போது ட்யூக் எல்லிங்டனின் ‘டிமினுவெண்டோ அண்ட் கிரசெண்டோ இன் ப்ளூ’ பற்றிப் பேச்சு வந்தது. இது 1937-இல் பிரன்ஸ்விக் தட்டில் வந்த பாட்டு. 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் கொள்ளும். அதனால் பாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் பேண்டு முழு வீச்சில் ஆரம்பித்து மெல்ல அடங்கும். மறுபக்கத்தில் சின்னக் குரலில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். நடுவில் கேட்கிறவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

1956 ஜூலை 7, சனிக்கிழமை. ரோட் ஐலண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழா. எல்லிங்டனுக்கு மவுசு குறைந்திருந்த காலம். நள்ளிரவை ஒட்டித்தான் அவருடைய பேண்டு மேடையில் நிலைத்தது. கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. விழாவுக்கென்றே புதிதாக எழுதிய மூன்று பகுதி இசைத்தொடரை முதலில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு எல்லிங்டன் இந்த 19 வருஷப் பழைய பாட்டை எடுத்தார். முதல் பாதி அடங்கி, அடுத்த பாதி தொடங்குவதற்குள் பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனோடு எழுந்தார். பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒரு சுற்று. அவர் நிறுத்தாமல் 27 சுற்று வாசித்தார். கறுப்பு உடை போட்ட ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்கினார். கூட்டம் நாற்காலி மேல் ஏறியது. அடுத்த மாதம் எல்லிங்டன் படம் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் வந்தது. கொலம்பியா கம்பெனி போட்ட எல்.பி. அவர் வாழ்க்கையிலேயே அதிகம் விற்ற தட்டு.

படியில் நின்றபடி பெரியவர் சொன்னார்: “தட்டைத் திருப்பிப் போட எந்திரிப்போம் பாருங்க தம்பி, அந்தச் சந்துல புகுந்துதான் பால் வாசிச்சிட்டாரு.”

அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். என் கட்டுரையின் முதல் பத்தியில் வைத்தேன். ‘1937-இன் கேட்பவன் தட்டைத் திருப்ப எழுந்த இடைவெளியில், 1956-இல் ஒரு மனிதன் எழுந்து நின்றான்’ என்று கொஞ்சம் ஜோடித்து எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை. கட்டுரையில் எல்லோரும் பாராட்டிய வரி அதுதான். பாராட்டு வந்தபோதெல்லாம் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். நான் செய்ததில் இதுவே சின்னக் குற்றம். பெரியது இனிமேல்தான்.

கட்டுரையின் வாதம் இது: ஸ்டுடியோ என்பது சவக்கிடங்கு, மேடைதான் உயிர். 1937 தட்டு ஒரு சாட்சி. நியூபோர்ட் எல்.பி. எதிர்ச்சாட்சி. அதிலும் நான் அதிகம் புகழ்ந்தது கொன்சால்வெஸை அல்ல. அவரை எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள். நான் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். அதனால் முதல் பக்கத்தில் இருக்கும் அந்தப் புதிய இசைத்தொடரை எடுத்தேன். ஒத்திகைகூடச் சரியாகப் பார்க்காத இசை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் முன்னால் முதன்முறையாக வாசிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் மூச்சு வாத்தியங்களுக்குள் போவதைக் கேளுங்கள் என்று எழுதினேன். ‘இந்தச் சூடு நான்கு சுவருக்குள் பிறக்காது’ என்று முடித்தேன்.

அந்த எல்.பி.யை மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருஷம் அங்கேதான் வாங்கினேன். அட்டை ஓரம் கரையான் தின்றது. கட்டுரைக்காக ஒரு வாரம் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். மூன்றாவது ராத்திரியோ நாலாவது ராத்திரியோ, அந்தத் தொடரைக் கேட்கும்போது ஏதோ இடறியது. பியானோ ஒலி அடங்கும் விதம் ஒரு மூடிய அறையைச் சொன்னது. கைதட்டல் வெட்ட வெளியிலிருந்து வந்தது. அதுவும் யாரோ குழாயைத் திறந்து மூடுவதுபோல வந்து போயிற்று. வாசிப்பில் ஏதாவது நடந்தால் கூட்டம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே கூட்டம் தன்பாட்டுக்கு இருந்தது. நோட்டில் எழுதினேன்: ‘கைதட்டல் வெளியே. பியானோ உள்ளே?’

அந்தக் கேள்விக்குறியை நானே போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

பிறகு அதை அடித்தேன். கட்டுரை முக்கால்வாசி முடிந்திருந்தது. இந்த ஒரு குறிப்பை ஒப்புக்கொண்டால் கடைசி இரண்டு பக்கம் போய்விடும். இரண்டு பக்கத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. இன்னொரு காரணம் பயம். அட்டையில் நியூபோர்ட் என்று அச்சடித்திருக்கிறது. உலகம் முழுக்க விற்ற தட்டு. பெரிய பெரிய விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் உட்கார்ந்துகொண்டு இது மேடையில் வாசித்ததாகத் தெரியவில்லை என்று சொல்ல நான் யார்? காது சொன்னதைவிட அட்டை சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. ‘உங்கள் காது அபாரம்’ என்ற கடிதம் அப்போதும் பர்ஸில் இருந்தது.

கட்டுரை வந்து மூன்று வாரத்தில் பெரியவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று பக்கம். கோடு போட்ட தாள், ரயில்வேக் கையெழுத்து. ஆசிரியர் அதை அப்படியே எனக்கு அனுப்பினார். ‘ஒரு பக்கத்துக்கு மேல் இடமில்லை. நீங்களே சுருக்கி, பதிலும் எழுதிவிடுங்கள்’ என்று கூடவே ஒரு சீட்டு. எதிர்வழக்கு மனுவைத் திருத்தும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘இது முறையில்லை’ என்று நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, தட்டின் முதல் பக்கத்தில் கைதட்டல் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. ‘எனக்கு அப்படிப் படுகிறது’ என்று மட்டும். இரண்டு, 1956 கடைசியில் சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் நிகழ்ச்சியில் இந்தக் கச்சேரியைக் கேட்டதாகவும், பால் வாசித்த சுற்றுகளை பென்சிலால் கோடு போட்டு எண்ணியதாகவும், 24 வந்ததாகவும் எழுதியிருந்தார். நடுவில் இரண்டு முறை ரேடியோ மங்கிவிட்டது, அதனால் கூடக்குறைய இருக்கலாம் என்றும் சேர்த்திருந்தார். மூன்றாவதுதான் முக்கியம். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் விஷயத்தைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. நான் அடித்த குறிப்பை இவர் எழுதியிருக்கிறார். அந்த நிமிஷத்தில் நான் நேர்மையாக இருந்திருக்கலாம். ‘எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது’ என்று ஒரு வரி போதும். போட்டிருந்தால் என் மதிப்புக் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. ஆனால் ஓய்வு பெற்ற ஒரு ரயில்வேக்காரர் என்னைத் திருத்துவதா என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இந்த வாக்கியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் வந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூன்றாவது விஷயம் முழுவதையும் வெட்டினேன். அதுதான் அவருடைய பலமான வாதம். எனக்கு அதற்குப் பதில் இல்லை. ரேடியோ மங்கியது என்ற வரியையும் வெட்டினேன். மீதி நின்றது இரண்டு: ஆதாரமில்லாத ஒரு கைதட்டல் சந்தேகம், 24 என்ற தப்பான கணக்கு. அவரை முட்டாளாக்க எது போதுமோ அதை மட்டும் விட்டுவைத்தேன்.

பதில் எழுதுவது சுலபமாக இருந்தது. ‘உலகமே எண்ணிய 27-ஐ 24 என்று எண்ணுகிற காதுக்குக் கைதட்டலும் ஒட்டவைத்தது போலத்தான் கேட்கும். முப்பத்தைந்து வருஷத்து ஞாபகம் ஒலிப்பதிவு ஆகாது’ என்று எழுதினேன். நன்றாக எழுதினோம் என்று அன்றைக்குத் தூக்கம்கூடச் சுகமாக வந்தது.

இதழ் வந்த பிறகு கூடிய ஞாயிறு மாடியில் யாரோ அந்த இதழைக் கொண்டுவந்திருந்தார்கள். என் பதிலைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். 24 வந்த இடத்தில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடிதத்தின் மீதியை எங்கே என்று கேட்கவில்லை. அவருடைய கடிதத்தை வெட்டியது யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. டீ வந்தபோது ஒருவர் “இருபத்துநாலு சாருக்குச் சர்க்கரை கம்மி” என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவரை நான் தடுக்கவில்லை. அடுத்த மாதம் நானே சொன்னேன்.

இன்னும் இரண்டு கூட்டத்துக்கு வந்தார். பிறகு வரவில்லை. டர்ன்டேபிள் பெல்ட் போய் நாலு மாதம் கேசட்டிலேயே ஓட்டினோம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். சனிக்கிழமை தோறும் பெரம்பூர் போய் அவரிடம் கிளாரினெட் கற்றுக்கொண்டிருந்தான். காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் ஒருநாள் என்னிடம் வந்து, “சார், அவருக்குக் காது சரியாத்தான் இருக்கா? நான் தப்பாக் கத்துக்கிறேனோன்னு பயமா இருக்கு” என்றான். நான் சொன்னேன்: “வயசாச்சுல்ல. காது முதல்ல போகும்.” அவ்வளவுதான் சொன்னேன். மறுபடியும் அவன் கிளாரினெட்டோடு வந்து நான் பார்க்கவில்லை. அந்த வாத்தியத்தை விற்று ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பெரியவரிடம் கற்றிருந்தால் அவன் பெரிய ஆளாகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. ஒரு மனிதருக்கு மிஞ்சியிருந்த ஒரே மாணவனை அவரிடமிருந்து நான் ஒரே வாக்கியத்தில் பிரித்தேன்.

1999-இல் கொலம்பியா அந்தக் கச்சேரியை இரண்டு சி.டி.யாக முழுதாக வெளியிட்டது. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் 2000-இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை வாசலிலேயே நின்று படித்தேன்.

நடந்தது இதுதான். அந்தப் புதிய இசைத்தொடர் மேடையில் திருப்தியாக அமையவில்லை என்று எல்லிங்டன் நினைத்தார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 9 திங்கட்கிழமை, பேண்டை நியூயார்க் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் மறுபடி வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். அதன் மேல் கைதட்டலை ஏற்றித் தட்டுப் போட்டார்கள். ஒட்டவைத்த கைதட்டல். நான் எந்தச் சூடு நான்கு சுவருக்குள் பிறக்காது என்று எழுதினேனோ அது நான்கு சுவருக்குள்தான் பிறந்தது. கேட்க ஒரு ஜனம் கிடையாது. அந்த ஸ்டுடியோப் பதிவையும் கைதட்டல் இல்லாமல் அந்த சி.டி.யில் சேர்த்திருக்கிறார்கள். போட்டுக் கேட்டேன். நான் புகழ்ந்த அதே வாசிப்பு. பின்னால் நிசப்தம். அருமையாகவே வாசித்திருக்கிறார்கள், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஸ்டுடியோவைச் சவக்கிடங்கு என்று சொன்ன வாய்தான் அடைத்துப்போயிற்று.

கொன்சால்வெஸின் 27 சுற்று மேடையில் வாசித்ததுதான். ஆனால் அன்றைக்கு மேடையில் இரண்டு தரப்பு மைக் இருந்தது. ஒன்று கொலம்பியாவுடையது. மற்றது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுடையது. எழுந்து நின்றவர் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மைக்கின் முன்னால் நின்று ஊதிவிட்டார். அதனால்தான் 1956 எல்.பி.யில் அவர் எங்கோ தள்ளி நிற்கிறமாதிரி இருக்கிறது. அந்த ரேடியோ நாடா பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. ஃபில் ஷாப் என்பவர் இரண்டு நாடாவையும் சேர்த்து, ஒன்றை இடது காதுக்கும் இன்னொன்றை வலது காதுக்குமாக ஓடவிட்டு ஸ்டீரியோ ஆக்கினார். முதன்முறையாக அந்த டெனர் பக்கத்தில் வந்து நின்றது. ரீட் அதிர்வது கேட்டது. 43 வருஷம் உலகத்துக்குக் கிடைக்காத அந்த ஒலி பெரம்பூரில் ஒருவருக்கு சிற்றலையில் கிடைத்திருக்கிறது. மங்கி மங்கிக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் 24.

பத்திரிகை அப்போதும் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ‘தமிழில் இதைப் பற்றி யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரியாகவே இருந்தது, யாரும் கேட்கவில்லை. பெரம்பூருக்கு ரயிலேறியும் போகவில்லை.

பதினாலு மாதம் கழித்து ஒரு கண் ஆஸ்பத்திரி வரிசையில் அவரைப் பார்த்தேன். கண்ணில் மருந்து விட்டு உட்கார்த்தியிருந்தார்கள். குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். பத்து வருஷத்துக்குப் பிறகும் என் குரல் ஞாபகம் இருந்தது. அந்தக் காதைத்தான் நான் போய்விட்டது என்று சொன்னேன்.

நலம் விசாரித்துவிட்டு, “எல்லிங்டன் நியூபோர்ட் முழுசா வந்திருக்காமே தம்பி. மெல்போர்ன்லேர்ந்து என் மச்சான் எழுதியிருந்தான். உங்ககிட்ட இருக்கா?” என்றார். அவர் குரலில் ஜெயித்துவிட்ட தொனி இல்லை. உண்மையாகவே கேட்கிறார், அவருக்கு அந்த டெனரை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

“இல்ல சார். இன்னும் கிடைக்கல.”

“கிடைச்சா ஒரு கேசட்ல எடுத்துக் குடுங்க. முழுசு வேணாம். பால் வாசிக்கிறது மட்டும் போதும்.”

“கண்டிப்பா சார்.”

சி.டி. என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. கேசட்டில் எடுக்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். கொடுத்தால், அது எப்போதிலிருந்து என்னிடம் இருக்கிறது என்று கேட்பார். கேட்காவிட்டாலும், அந்தச் சின்னப் புத்தகத்தில் இருப்பதை நான் சொல்ல வேண்டிவரும். சொன்னால் ‘நான் சொன்னேனே’ என்று அவர் சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத் தாங்கும் தைரியம்தான் எனக்கு இல்லை. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று தள்ளினேன். இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று.

2003-இல் காலமானார். செய்தி தாமதமாக வந்தது. பங்குக் கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். முடிந்ததும் அவர் மகள் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாக்ஸபோனைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்தார்கள். “அப்பா இதை உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க அங்கிள்” என்று ஒரு கேசட்டைக் கொடுத்தார். பிரிக்காத வெற்றுக் கேசட். பாலிதீன் உறை மேலேயே ஒரு சின்னத் தாளை ஒட்டி எழுதியிருந்தார்: ‘எல்லிங்டன், நியூபோர்ட்.’ எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

மகளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. “நல்ல மனுஷர்மா” என்றேன். காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது எழுதுவதில் வீரம் ஒன்றும் இல்லை. பத்திரிகை நின்றுவிட்டது. மாடியில் கூடியவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். இழக்க எனக்கு எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் பேசுகிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் வெட்டிய பகுதி அவர் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் படிக்க முடிகிறது. 1991-இல் வந்திருக்க வேண்டியது. அவர் எழுதியபடியே கீழே கொடுக்கிறேன்.

“இன்னொரு சமாசாரம். நான் ரேடியோவில் கேட்டபோது பால் என் காதுக்குப் பக்கத்தில் நின்று ஊதினார். மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. டிரம்ஸ் பின்னால் இருந்தது. ரெக்கார்டில் பார்த்தால் டிரம்ஸ் பக்கத்தில் இருக்கிறது, பால் தூரத்தில் இருக்கிறார். ரேடியோவில் இரைச்சல் வரும், மங்கும், எல்லாம் வரும். ஆனால் ஆள் இடம் மாறி நிற்கமாட்டார். நான் பேண்டில் வாசித்தவன், யார் எங்கே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். கம்பெனி ரெக்கார்டைவிட ரேடியோவில் எப்படிப் பக்கத்தில் கேட்கும்? அன்றைக்கு அங்கே இரண்டு மைக் இருந்ததா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதவும்.”